செகோவியாவில் ஒரு பஞ்சுப் பன்றிக்குட்டி: அடுப்புக்குத் தப்பியவரின் ஊர் சுற்றல்

பயணப்பை:
ஸ்பெயினில் மாட்ரிட் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் டொலேடோ போய்விட்டு வந்து அதே பாலம், அதே ஆறு என்று படம் போடுகிறீர்கள். மாறுதலுக்கு இந்த இழை செகோவியாவுக்கு. பயணி நான் இல்லை, நான் வெறும் சுமைகூலி. பயணியின் பெயர் கொழுக்கட்டை. இளஞ்சிவப்புப் பன்றிக்குட்டி, ஒரு சாண் உயரம், வயிறு முழுக்கப் பஞ்சு, துவைத்துத் துவைத்து ஒரு காது வெளுத்துப் போனவர். அக்கா மகளின் சொத்து. "சித்தி, அவனைப் பைக்கு அடியில வைக்காத, மூச்சு முட்டும்" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தாள். போகிற இடமெல்லாம் அவரை நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது கூடுதல் கட்டளை.

சிக்கல் என்னவென்றால், ஒரு பன்றிக்குட்டியைப் பாரிஸுக்குக் கூட்டிப் போகலாம், ரோமுக்குக் கூட்டிப் போகலாம், செகோவியாவுக்கு மட்டும் கூட்டிப் போகக் கூடாது. அந்த ஊர்ச் சாப்பாட்டின் பெருமையே கொச்சினீயோ அசாதோ. தாய்ப்பால் மட்டும் குடித்த, மூன்று வாரம் தாண்டாத குட்டியை முழுசாக மண் சட்டியில் வைத்து விறகு அடுப்பில் சுடுவார்கள். ஊருக்குள் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் ஒரு உணவகக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய சொந்தக்காரர்கள் வரிசையாகக் கண்மூடிப் படுத்திருந்தார்கள். அவர் கண்ணை நான் பொத்தினேன். பொத்தான் கண், இமை வேறு கிடையாது, பாவம்.

சோதனை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மாட்ரிட் சமார்தின் நிலையத்தில் அதிவேக ரயில் ஏற வேண்டுமென்றால் பைகளை எக்ஸ்ரே பெல்ட்டில் போட வேண்டும். கௌரவமாகப் போகட்டுமே என்று அவரைப் பைக்கு மேலே உட்கார வைத்தேன். அங்கே இருந்த பெண்மணி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "செகோவியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கொழுக்கட்டையின் மூக்கில் விரலால் ஒரு தட்டு தட்டி, "தைரியசாலி" என்றார். அவ்வளவுதான், ரயில் ஏறி அரை மணி நேரத்தில் செகோவியா.

படங்களை ஒவ்வொன்றாகப் போடுகிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள், பயணி சார்பில் பதில் சொல்லப்படும்.

வெண்டைக்காய்:
ஹாஹா, பெயரே அருமை. அக்கா, நாங்கள் சைவம். அந்த ஊரில் என்ன சாப்பிடுவது? பயணி என்ன சாப்பிட்டார்?

சும்மா ஒருவன்:
வயதுக்கு வந்தவர்கள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு உலகப் பாரம்பரியச் சின்னத்தின் முன்னால் நின்று படம் எடுப்பது இப்போது ஒரு நோயாகவே பரவிவிட்டது. 1985-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர் அது. ஊரைப் பார்த்தீர்களா, பொம்மையைப் பார்த்தீர்களா?

பயணப்பை:
ஊரைத்தான் பார்த்தேன் நண்பரே, அதுவும் பொம்மை இருந்ததால் இரண்டு மடங்கு பார்த்தேன். தனியாகப் போயிருந்தால், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர ரோமானியர்கள் கட்டிய அந்த நீர்ப்பாலத்தை நிமிர்ந்து பார்த்து, ஒரு படம் எடுத்து, அடுத்த இடத்துக்கு நடையைக் கட்டியிருப்பேன். ஒரு சாண் ஆளை 28 மீட்டர் கட்டுமானத்தோடு ஒரே சட்டத்தில் அடக்க வேண்டுமென்றால் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். அசோகெஹோ சதுக்கத்தில் அப்படிப் படுத்துக் கிடந்தபோதுதான் கவனித்தேன், தூண்களின் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பூச்சு என்று ஒன்றுமே இல்லை. சும்மா அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கல்தச்சன்:
அதைச் சொல்லத்தான் உள்ளே வந்தேன். சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. 20,000-க்கும் மேற்பட்ட கருங்கல் பாளங்கள், 167 வளைவுகள், எல்லாம் எடையின் அழுத்தத்தில்தான் நிற்கின்றன. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்துகிறது, அந்த அழுத்தம் தூண் வழியாகக் கீழே இறங்குகிறது, பாரம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கொழுக்கட்டையின் தலைக்கு மேலே இருக்கும் கல்லில் சின்னக் குழி ஒன்று தெரியும். கிட்டத்தட்ட எல்லாக் கல்லிலும் உண்டு. இரும்பு இடுக்கியின் இரண்டு நுனிகளும் அந்தக் குழிகளில் பிடித்துக்கொள்ள, கயிறு கட்டிக் கல்லை மேலே தூக்கியிருக்கிறார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால் சாத்தானின் நகம் பட்ட தடம் என்பார்கள்.

காலமும் சொல்லிவிடுகிறேன். வெகு நாளாக முதல் நூற்றாண்டின் கடைசி என்றுதான் எழுதி வந்தார்கள். அடியில் தோண்டியபோது கிடைத்த, ரோமப் பேரரசர் டிராஜான் காலத்து நாணயத்தை வைத்துப் பார்த்தால் கி.பி. 112-க்கு முன்னால் கட்டியிருக்க முடியாது என்று இப்போது சொல்கிறார்கள். தண்ணீர் வந்தது சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி மலையிலிருந்து. வழியில் மணல் படிவதற்கென்றே தொட்டிகள் கட்டித் தெளிய வைத்து, அப்புறம்தான் ஊருக்குள் விட்டிருக்கிறார்கள். பாலத்தைப் படம் எடுக்கிறவர்கள் யாரும் அந்தத் தொட்டி இருக்கும் பக்கம் போவதே இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

பயணப்பை:
கல்தச்சன் அண்ணே, பயணி போனார்! வளைவுகள் சின்னதாகிச் சின்னதாகித் தரையைத் தொடுகிற அந்தக் கோடி வரைக்கும் நடந்தோம். அங்கே கூட்டமே இல்லை. கொழுக்கட்டையின் உயரத்துக்கு அதுதான் பொருத்தமான இடம் என்று அவரே சொல்லிவிட்டார். ஒன்று மட்டும், அவரைக் கல் மேல் உட்கார வைக்கவில்லை. முழுக்க என் கையில்தான் இருந்தார், அதனால்தான் எல்லாப் படத்திலும் ஒரு ஓரத்தில் என் கட்டைவிரல்.

அசோகெஹோவிலேயே இன்னொரு ஆபத்தும் உண்டு. ரோம் நகரம் 1974-இல் அன்பளிப்பாகக் கொடுத்த ஓநாய்ச் சிலை, ரோமை நிறுவியதாகக் கதை சொல்லும் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிற அதே ஓநாய். ஒரு பக்கம் ஓநாய், ஒரு பக்கம் அடுப்பு. நடுவில் நம் ஆள்.

அரைத்தூக்கம்:
சாத்தான் கதை என்ன? யாராவது சொல்லுங்கள், கல்தச்சன் பாதியில் விட்டுவிட்டார்.

மாட்ரிட் மாமி:
நான் சொல்கிறேன். தண்ணீர் சுமந்து அலுத்துப்போன வேலைக்காரப் பெண் ஒருத்தி. தினமும் குடத்தோடு மேட்டில் ஏறி இறங்க வேண்டும். ஒரு நாள் வெறுத்துப் போய், யாராவது இந்தத் தண்ணீரை வாசல் வரை கொண்டு வந்தால் என் உயிரையே தருவேன் என்று சொல்லிவிட்டாள். சாத்தான் வந்து நின்றான். சேவல் கூவுவதற்குள் வேலை முடிந்தால் உன் ஆன்மா எனக்கு என்று ஒப்பந்தம். இரவோடு இரவாக மொத்தப் பாலத்தையும் கட்டிவிட்டான், கடைசி ஒரே ஒரு கல் வைக்க வேண்டியிருக்கும்போது விடிந்துவிட்டது. பெண் பிழைத்தாள், ஊருக்குப் பாலம் கிடைத்தது, சாத்தானுக்குக் கூலிகூட இல்லை. எந்தக் காலத்திலும் ஒப்பந்தக்காரனின் நிலைமை இதுதான் போல.

இதில் பெரிய வேடிக்கை 2019-இல் நடந்தது. கொஞ்சம் மேட்டில், சான் ஹுவான் தெருவில், அந்தச் சாத்தானுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். கொம்பு, வால், தொப்பை எல்லாம் சேர்ந்து சிரித்த முகமாக, கையில் மொபைலைப் பிடித்துப் பாலத்தோடு செல்ஃபி எடுக்கிறான். சாத்தானை இவ்வளவு நல்லவனாகக் காட்டுவதா என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள், நீதிமன்றம் வரை போய்ச் சில நாள் தடையே இருந்தது. அப்புறம் வைத்துவிட்டார்கள். இப்போது அவனோடு செல்ஃபி எடுக்க வரிசை நிற்கிறது.

பயணப்பை:
மாமி, அந்த வரிசையில் நின்றோம்! எங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடக் கும்பல். கொழுக்கட்டையைப் பார்த்ததும் ஒரு பையன் "கொச்சினீயோ! கொச்சினீயோ!" என்று கத்த, மொத்தக் கும்பலும் திரும்பிப் பார்த்துவிட்டது. எங்களுக்கு வழிவிட்டு முன்னால் அனுப்பினார்கள். சாத்தான் ஒரு பக்கம் செல்ஃபி எடுக்க, அவன் பக்கத்தில் கொழுக்கட்டை, இருவரையும் நான் எடுக்க, என்னை அந்தப் பிள்ளைகள் எடுக்க. படம் போட்டிருக்கிறேன். சாத்தானைவிட நம்மவர்தான் நன்றாக விழுந்திருக்கிறார்.

சும்மா ஒருவன்:
சரி, அந்தப் படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அல்காசர் கோட்டைக்குள் பொம்மையோடு போனீர்களா? அது காஸ்தீல் நாட்டு இசபெல், ராணியாகக் கிளம்பிப் போன இடம். மரியாதை வேண்டாமா?

பயணப்பை:
மரியாதையோடுதான் போனார். எரெஸ்மா, கிளமோரெஸ் என்ற இரண்டு ஆறுகளும் சேருகிற பாறை முனையில், கப்பலின் முன்பகுதி மாதிரி நிற்கிற கோட்டை அது. வழிகாட்டிகள் எல்லோரும் டிஸ்னி கோட்டைக்கு இதுதான் மாதிரி என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள். இதையே ஜெர்மனியில் வேறொரு கோட்டையிலும் சொல்வார்கள், அதனால் அதை விடுங்கள்.

அரசர்களின் கூடத்தில் சுவரோரம் மேலே வரிசையாக ராஜா ராணிச் சிலைகள் உட்கார்ந்திருக்கும். கொழுக்கட்டையை உயர்த்திப் பிடித்து ஒவ்வொருவருக்கும் அறிமுகம் செய்தேன். காவலர் ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார், திட்டப் போகிறார் என்று நினைத்தால், இன்னும் கொஞ்சம் இடப் பக்கம் தள்ளி நின்றால் கூரையும் சேர்ந்து விழும் என்று இடம் காட்டிவிட்டுப் போனார்.

கோபுரத்துக்கு 152 படி, குறுகலான சுழல் படிக்கட்டு. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே வழியில் முட்டிக்கொள்ள வேண்டும். பயணி என் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வந்தார், எதிரே வந்த தாத்தா ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று அவருக்கு வணக்கம் வைத்தார். எனக்கு வைக்கவில்லை.

ஜன்னல் பக்கம் மட்டும் நான் போகவில்லை. ஏன் என்று மாமிக்குத் தெரியும்.

மாட்ரிட் மாமி:
தெரியும். 1366. அரசர் இரண்டாம் என்ரிக்கேயின் மகன் பேத்ரோ, கைக்குழந்தை. தாதியின் கையிலிருந்து அந்தக் கோட்டை ஜன்னல் வழியாகக் கீழே விழுந்துவிட்டான் என்றும், தாதியும் பின்னாலேயே குதித்துவிட்டாள் என்றும் கதை. பிள்ளையின் கல்லறை இப்போது கதீட்ரலில் இருக்கிறது. இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளையின் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலில் எட்டிப் பார்க்க எனக்கும் மனம் வராது.

இசபெல் பற்றி ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. 1474 டிசம்பர் 13, அண்ணன் இறந்த செய்தி வந்த சூட்டோடு, கணவர் ஃபெர்னாந்தோ அரகானிலிருந்து வரும் வரை காத்திருக்காமல், 23 வயதுப் பெண் இந்தக் கோட்டையிலிருந்து கிளம்பிப் போய் சதுக்கத்தில் தன்னை ராணியாக அறிவித்துக்கொண்டாள். கணவருக்குச் செய்தி அப்புறம்தான் போனது. அந்த ஊர் மண்ணுக்கு ஒரு துணிச்சல் உண்டு, கொழுக்கட்டை அங்கே போனதில் ஆச்சரியமே இல்லை.

கல்தச்சன்:
இன்று பார்க்கிற கோட்டையில் நிறைய மறுபடி செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1764 முதல் பீரங்கிப் படைப் பள்ளி அங்கே நடந்தது, 1862-இல் தீப்பிடித்துக் கூரையெல்லாம் போய்விட்டது. பள்ளியை மாட்ரிட்டுக்கு மாற்ற வேண்டும் என்பதற்காக மாணவர்களே கொளுத்தினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. விடுதி மாணவர்களைத் தெரிந்தவர்கள் யாரும் இதை உடனே மறுக்க மாட்டார்கள்.

அரைத்தூக்கம்:
😂😂 சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வாருங்கள். வெண்டைக்காய் கேட்டு எவ்வளவு நேரமாகிறது. தட்டால் வெட்டுவதைப் பார்த்தீர்களா?

பயணப்பை:
பார்த்தோம். பயணி கொஞ்சம் மட்டும்.

நீர்ப்பாலத்துக்குப் பக்கத்திலேயே இந்த வித்தையை உலகப் பிரசித்தமாக்கிய காந்திதோ லோபெஸின் விடுதி இருக்கிறது. அவர் 1992-இல் இறந்துவிட்டார், வழக்கம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நாங்கள் போனது அது இல்லை, உள்ளே ஒரு சந்தில் வேறொரு இடம். மேஜையில் கொழுக்கட்டையை உப்புக் குப்பியில் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். பரிமாறுகிறவர் வந்து மெனுவை நீட்டிவிட்டு, அவரைக் காட்டி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "இவருக்கு நாற்காலியா, அடுப்பா?" என்று கேட்டார்.

அப்போதுதான் பக்கத்து மேஜைக்குச் சட்டி வந்தது. தோல் பொன்னிறமாகக் கண்ணாடிப் பதத்தில் இருந்தது. கத்தி கிடையாது. சாதாரண வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் விளிம்பால் முதுகின் நடுவே ஒரு அழுத்து. அப்பளம் நொறுங்குகிற சத்தம். அப்புறம் குறுக்கே இன்னும் சில அழுத்து. கத்தி தேவைப்படாத அளவுக்குக் கறி வெந்திருக்கிறது என்று காட்டத்தான் இவ்வளவும். முடிந்ததும் அந்தத் தட்டை ஓங்கித் தரையில் போட்டு உடைத்தார், மொத்தக் கூடமும் கை தட்டியது. முதல் அழுத்திலேயே நான் கொழுக்கட்டையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன், தட்டு உடைந்த சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும். அக்கா மகளுக்கு இந்த இடத்திலிருந்து அனுப்பிய ஒரே படம், உப்புக் குப்பிப் படம்.

மாட்ரிட் மாமி:
வெண்டைக்காய், கவனி. பன்றி வேண்டாம், பேசாமல் பீன்ஸ் வாங்கிச் சாப்பிடலாம் என்று நினைப்பாய். ஹுதியோனெஸ் என்று பக்கத்து லா கிரான்ஹா ஊரின் பெரிய வெள்ளை பீன்ஸ், கட்டை விரல் அளவு இருக்கும், வெண்ணெயாக வெந்திருக்கும். அதைச் சோரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சியோடு, பல இடங்களில் பன்றிக் காதும் காலும் போட்டுத்தான் வேக வைப்பார்கள். இறைச்சி இல்லை என்று சொன்னால்கூடச் சில பேர் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டு வந்து வைப்பார்கள். எதில் வேக வைத்தது என்று கேள். உருளைக்கிழங்கு முட்டை தோர்த்தியா எங்கேயும் கிடைக்கும், முட்டையும் வேண்டாமென்றால் சீஸ், ரொட்டி, சாலட். கடைசியில் பொன்சே செகோவியானோ என்கிற கேக். மேலே பாதாம் மாவு உறை, உள்ளே மஞ்சள் கரு கிரீம், உச்சியில் சர்க்கரையைச் சூட்டுக் கம்பியால் சுட்டுப் போட்ட கட்டம். முட்டை சாப்பிடுவாய் என்றால் அதை விடாதே.

வெண்டைக்காய்:
மாமி வாழ்க. அந்தச் சுற்றுலாவில் ஒரு பன்றியால் பிழைக்க முடிந்தது என்றால் நானும் பிழைத்துக்கொள்வேன்.

பயணப்பை:
பிழைத்தது மயிரிழையில். நினைவுப் பொருள் கடையைக் கேளுங்கள். செகோவியாவில் எல்லாக் கடையிலும் பன்றிதான், மண் பன்றி, காந்தப் பன்றி, சாவிக்கொத்துப் பன்றி, பஞ்சுப் பன்றியும் ஒரு கூடை நிறைய. படம் எடுக்க வசதியாக இருக்கும் என்று கொழுக்கட்டையை அந்தக் கூடையின் விளிம்பில் உட்கார வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன். அதற்குள் ஒரு சின்னப் பெண் அவரை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போய்விட்டாள். கடைக்காரம்மா விலைச் சீட்டைத் தேடி அவரைத் தலைகீழாகத் திருப்புகிறார், காதுக்குப் பின்னால் பார்க்கிறார், வாலைத் தூக்கிப் பார்க்கிறார். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் அந்த நேரத்தில் பறந்துவிட்டது, வெளுத்துப்போன காதைக் காட்டிக் காட்டிச் சைகையில்தான் பேசினேன். கடைசியில் அந்தப் பெண்ணின் அம்மா சிரித்துவிட்டு, புதுசு ஒன்றை எடுத்து மகள் கையில் திணித்தார். மகளுக்குப் பழையதுதான் வேண்டுமாம். அழுதுகொண்டே போனாள்.

சும்மா ஒருவன்:
அந்தக் குழந்தைக்கு ரசனை இருக்கிறது.

கல்தச்சன்:
கதீட்ரல் போகவில்லையா? 1525-இல் தொடங்கி 1768 வரை இழுத்த வேலை. உலகமே மறுமலர்ச்சிக் கட்டடத்துக்கு மாறிய பிறகும் பிடிவாதமாகப் பழைய கோதிக் பாணியில் கட்டினார்கள். பழைய கதீட்ரல் கோட்டைக்கு எதிரிலேயே இருந்தது, 1520 கலகத்தில் நாசமாகிவிட்டது. அதில் தப்பிய உள்முற்றத்தைக் கல் கல்லாகப் பிரித்து எடுத்து வந்து இங்கே மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். பார்த்தால் இடம் மாறியது தெரியவே தெரியாது.

பயணப்பை:
போனோம், உள்ளே பையில் வைத்துவிட்டேன். பிரார்த்தனை செய்கிறவர்கள் இருக்கிற இடத்தில் விளையாட்டு வேண்டாம் என்பது என் கட்சி. வெளியே வாசலில் மட்டும் ஊர்க் காவல் துறவி சான் ஃப்ரூத்தோஸ் சிலை முன் படம். கையில் கல் புத்தகம் வைத்திருப்பார். வருஷத்துக்கு ஒரு பக்கம் திருப்புகிறாராம், கடைசிப் பக்கம் வந்தால் உலகம் முடிந்ததாம். அக்டோபர் 24 நள்ளிரவில் அவர் பக்கம் திருப்புவதைப் "பார்க்க" ஊரே அந்த வாசலில் கூடும். எத்தனை பக்கம் பாக்கி என்று கொழுக்கட்டை எட்டிப் பார்த்தார். புத்தகம் உயரத்தில் இருக்கிறது, தெரியவில்லை.

ஆனால் அவருக்கு மிகவும் பிடித்த இடம் இவை எதுவும் இல்லை. வடக்குப் பக்கம் மதில் வாசல் ஒன்று, சாந்தியாகோ வாசல். அதன் உள்ளே பிரான்சிஸ்கோ பெரால்தா செய்த பொம்மலாட்டப் பொம்மைகளை வைத்திருக்கிறார்கள். மதில் கல்லுக்கு நடுவில் நூல் கட்டிய ராஜாக்களும் கிழவிகளும் விலங்குகளும் தொங்குகிறார்கள். அங்கே இருந்தவரிடம் அனுமதி கேட்டுக் கொழுக்கட்டையைக் கண்ணாடிக்கு எதிரில் பிடித்தேன். பஞ்சு அடைத்த ஒருவரும் மரத்தில் செதுக்கிய அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் எல்லாம் நீர்ப்பாலத்தடியில் இருக்க, அங்கே நாங்கள் மட்டும்தான். மாட்ரிட்டிலிருந்து காலையில் வந்து பன்றிக்கறி தின்றுவிட்டுச் சாயங்காலம் ரயில் ஏறுகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இரவு தங்குங்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

மாட்ரிட் மாமி:
அப்படியானால் மே மாதம் போயிருக்க வேண்டும். தித்திரிமுந்தி என்று சர்வதேசப் பொம்மலாட்ட விழா, 1985 முதல் நடக்கிறது. முற்றம், சந்து, சதுக்கம் எங்கு பார்த்தாலும் பொம்மை. அந்த நாட்களில் கையில் பொம்மை இல்லாமல் போகிறவர்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, ஊர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மலைக்காற்று எலும்பு வரை வரும்.

அரைத்தூக்கம்:
என் மகன் இப்போது பின்னாலிருந்து இதை எல்லாம் படித்துவிட்டான். அவனுடைய டைனோசரையும் அனுப்ப வேண்டுமாம். பச்சை நிறம், கொழுக்கட்டையைவிட மூன்று மடங்கு பெரியது. ரயில் நிலையம் ஊருக்கு வெளியே என்கிறார்களே, அங்கிருந்து எப்படிப் போவது?

பயணப்பை:
நிலையத்தின் பெயர் செகோவியா-கியோமார், கவிஞர் அந்தோனியோ மச்சாதோ தன் காதலிக்குக் கவிதைகளில் வைத்த பெயர். 1919 முதல் 1932 வரை இந்த ஊரில் பிரெஞ்சு வாத்தியாராக வாடகை அறையில் இருந்தவர், அந்த அறையையும் பார்க்கலாம். பெயர்தான் கவிதை, சுற்றி இருப்பது வெறும் வயல்காடு. வாசலிலேயே 11-ஆம் எண் பேருந்து நிற்கும், நேராக நீர்ப்பாலத்தடியில் இறக்கிவிடும். ரயில் நேரத்தை ஒட்டித்தான் கிளம்பும், அதனால் நிலையத்துக்குள் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். டைனோசருக்குத் தனி டிக்கெட் வேண்டாம், ஆனால் வாலை மடக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.